ரீசார்ஜ் செய்பவரும் வரி கட்டுகிறார்

“நாங்கள் கட்டும் வரிப்பணத்தில் இலவசமா?” என்ற கேள்வி ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் கிளம்பிவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடித்தம் போகிறவர். அவர் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. தான் மட்டுமே வரி கட்டுவதாக நினைப்பதில்தான் தகராறு.

299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும் கொத்தனார் அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி கட்டுகிறார். வரி 18 சதவீதம். ஐடி நிறுவன மேலாளருக்கும் அதே 18தான். கொத்தனாருக்கு யாரும் வரி பிடித்ததற்குச் சான்றாகப் படிவம் 16 கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யாருக்குக் கொடுக்கலாம் என்ற இந்தச் சண்டையில், கொடுத்ததாக எழுதிய பணம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது. அதை உரக்கக் கேட்டவர்கள் வருமான வரி கட்டுபவர்கள் அல்லர். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டம் கோட் கிரானாவில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு ஊரைக் கூட்டிப் பொது விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும் பில்களையும் எல்லோர் முன்பும் வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, “நான் அந்த வேலைக்கே போகவில்லையே” என்று ஆட்கள் எழுந்தார்கள். குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காதவர்கள் அவர்கள். அந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. (மாநில அளவில் இப்படியொரு சட்டத்தை 1997இலேயே முதலில் இயற்றியது தமிழ்நாடு. விதிவிலக்குகள் மலிந்திருந்ததால் பெரிதாகப் பயன்படவில்லை.)

மஸ்டர் ரோல் இப்போது செல்போன் செயலிக்குப் போய்விட்டது. திருட்டும் கூடவே போயிற்று. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கு நேரடிப் புகைப்படம் எடுக்காமல், பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. ஊரார் கண்ணுக்குப் பதிலாகக் கேமராவை நம்பினால் வேறென்ன நடக்கும்?

ஊரார் கண் இருக்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வரவு-செலவை அங்கே வைத்தாக வேண்டும். பல ஊர்களில் வாசிப்பவர் வேகமாக வாசிக்க, கையெழுத்து நோட்டு கையைவிட்டுக் கை மாறிக்கொண்டிருக்கும். நகரத்துக்காரர் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். அவர் வார்டில் ஏரியா சபை கூடுவது அவருக்கே தெரிவதில்லை.

மேல்மட்டத்தில் நிலைமை இன்னும் வசதி, அரசுக்கு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 151ஆவது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேஜையில் வைத்தால் விவாதிக்க நேரமில்லை. பொதுக் கணக்குக் குழு அதை ஆய்வுக்கு எடுப்பதற்குள் ஒப்பந்ததாரர் பணம் வாங்கியிருப்பார், அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார்.

அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள், அவை கூடாவிட்டால் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில், வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடலாம். சாதாரணக் குடிமகனின் தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் சொல்ல அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. சட்டமன்றத்துக்கு அதே கெடு வைக்க என்ன தயக்கம்?