முதல் தோசை பிய்ந்தால் என்ன? நாலு கட்டத்தில் நீங்களே வரையலாம் காமிக்ஸ்!

"அப்பா, ஒரு யானை வரைஞ்சு குடுங்கப்பா!"

"எனக்கு வரைய வராதும்மா. அம்மாகிட்ட கேளு."

"எனக்கும் வராது. யூடியூப்ல பார்த்துப் போட்டுக்கோ!"

பல வீடுகளில் கேட்கும் உரையாடல்தான் இது. ஏழு வயதில் சுவர், நோட்டு, கரன்ட் பில் என்று எது கிடைத்தாலும் கிறுக்கித் தள்ளும் குழந்தை, பன்னிரண்டு வயதில் தானும் அதையே சொல்லத் தொடங்கிவிடும்: 'எனக்கு வரைய வராது.' யாரும் பரீட்சை வைத்து ஃபெயில் ஆக்கியிருக்க மாட்டார்கள். பக்கத்து பெஞ்ச் பையன் 'இது யானையா, பன்னியா?' என்று சிரித்திருப்பான். அன்றோடு கலர் பென்சில் டப்பா பரணுக்குப் போயிருக்கும்.

அந்த டப்பாவைக் கீழே இறக்க ஒரு நல்ல வழி, காமிக் ஸ்ட்ரிப். நான்கு கட்டம், இரண்டு மூன்று கேரக்டர், ஒரு சின்ன ஜோக். ஓவியப் போட்டியில் யானை அச்சு அசலாக யானை மாதிரி இருக்க வேண்டும். காமிக்ஸில் யார் பேசுகிறார், என்ன நடக்கிறது என்று புரிந்தாலே போதும்.

ஓவியர் ஆக முடியாதவர் தொடங்கி வைத்தது

காமிக்ஸின் தந்தை என்று பலரும் குறிப்பிடும் ரொடால்ஃப் டோப்ஃபர், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓவியர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கண் கோளாறு குறுக்கே வந்தது. மனம் தளராமல், விறுவிறுவென்று இழுத்த கோடுகளால் வேடிக்கைக் கதைகளை வரைந்தார். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதினார். அவற்றைப் பார்த்த ஜெர்மன் மகாகவி கதே ரசித்துப் பாராட்ட, 1833-ல் அவருடைய முதல் படக்கதை வெளியானது.

நம் காலத்துக்கு வந்தால் ராண்டல் மன்றோ. இயற்பியல் படித்து நாசாவில் வேலை பார்த்தவர். 2005-ல் இவர் இணையத்தில் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' காமிக்ஸில் வருபவர்கள் வெறும் குச்சி மனிதர்கள். வட்டத் தலையில் கண், மூக்கு, வாய் எதுவும் இருக்காது. ஆனாலும் உலகம் முழுக்க வாசகர்கள். என்ன சொல்கிறார்கள் என்பதுதான் அங்கே சுவாரஸ்யம்.

கதையை அடுக்களையில் தேடலாம்

முதல் ஸ்ட்ரிப்புக்கு சூப்பர் ஹீரோ எல்லாம் வேண்டாம். இன்று காலை வீட்டில் நடந்தது போதும். உதாரணத்துக்கு, ஒரு தோசைக் கதை.

கட்டம் 1: அம்மா கல்லில் மாவு ஊற்றுகிறார். தட்டோடு அப்பாவும் மகளும் காத்திருக்கிறார்கள். அம்மா: "முதல் தோசை சரியா வராது."

கட்டம் 2: பிய்ந்துபோன தோசை அப்பா தட்டில் விழுகிறது. வசனம் இல்லை.

கட்டம் 3: வட்டமான, முறுகலான தோசை மகள் தட்டில். மகள்: "ஹை!"

கட்டம் 4: தன் தட்டைப் பார்த்தபடி அப்பா: "இந்த வீட்ல எனக்கு எப்பவுமே முதல் மரியாதைதான்!"

இதில் அம்மா தோசையைத் திருப்பிப் போடுவதையோ, அது கல்லில் ஒட்டிக்கொள்வதையோ வரையவே இல்லை. ஆனாலும் புரிகிறது. முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் நடந்ததைப் படிப்பவரே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார். அமெரிக்க காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட், 1993-ல் வெளியான 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் கட்டங்களுக்கு இடையிலான இந்த இடைவெளியைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். வரையக் கஷ்டமான காட்சியை இடைவெளிக்குள் தள்ளிவிடலாம் என்பது, புதிதாக வரைபவர்களுக்கு அதில் கிடைக்கும் போனஸ்!

எழுத்து முதலில், பலூன் பிறகு

ஒரு ஏ4 தாளைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை மடித்துப் பிரித்தால் நான்கு கட்டம் தயார். ஸ்கேல்கூட வேண்டாம்.

பலரும் செய்யும் தவறு, ஆசையாக ஆளை வரைந்து முடித்துவிட்டு வசனத்துக்கு இடம் தேடுவது. கடைசியில் எழுத்துகள் எறும்பு மாதிரி மூலையில் ஒண்டிக்கொள்ளும். கட்டத்தின் மேல்பகுதியில் வசனத்தை முதலில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். அதைச் சுற்றி பலூன் போட வேண்டும். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள். முதலில் பேசுபவர் இடது பக்கம் நிற்கட்டும். இல்லையென்றால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து நிற்கும்.

தமிழுக்கென்று ஒரு கவனமும் தேவை. 'கி', 'கீ' மேலே சுழியும். 'கு', 'கூ' கீழே இறங்கும். வரிகளை நெருக்கி எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். 'சென்றுகொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் பலூன் கட்டத்தை விட்டே வெளியே போய்விடும். 'போயிட்டிருக்கேன்' என்று பேசுகிற மாதிரி எழுதினால் இடமும் மிச்சம், இயல்பாகவும் இருக்கும்.

ஒரே கேரக்டரை நான்கு முறையும் ஒரே மாதிரி வரைவதுதான் புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. அதற்கு அடையாளம் ஒன்றைக் கொடுத்துவிடலாம். அப்பாவுக்கு மீசை, அம்மாவுக்குக் கொண்டை, மகளுக்கு ரெட்டை ஜடை. மூக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மீசையைப் பார்த்ததும் 'இது அப்பா' என்று தெரிந்துவிடும். கோபம், சோகம், ஆச்சர்யம் எல்லாவற்றையும் புருவத்தின் சாய்வும் வாயின் வளைவுமே பார்த்துக்கொள்ளும்.

ஹெச்.பி பென்சிலால் லேசாக வரைந்து, மேலே கறுப்புப் பேனாவால் இழுத்து, மை நன்றாகக் காய்ந்த பிறகு அழிக்க வேண்டும். அவசரப்பட்டால் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, ஃபிளாஷ் போடாமல் போட்டோ எடுத்தால் ஃபேமிலி குரூப்பில் போடத் தயார்.

சி பிளஸ் வாங்கிய சார்லஸ்

சார்லி பிரவுனையும் ஸ்நூபி நாய்க்குட்டியையும் தந்த சார்லஸ் ஷூல்ஸ், பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்த படங்கள் அச்சாகவில்லை. தபால் வழியில் ஓவியம் படித்தபோது, குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'சி பிளஸ்'. பின்னாளில் அவரை உலகப் புகழ் பெறவைத்ததே குழந்தைகள் படம்தான்!

1950 அக்டோபர் 2 அன்று 7 செய்தித்தாள்களில் அவருடைய 'பீனட்ஸ்' தொடங்கியது. அதுவும் நான்கு சம அளவுக் கட்டங்கள்தான். இருக்கும் இடத்துக்கு ஏற்ப படுக்கையாகவோ, நெட்டாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம் என்பது பத்திரிகைகளுக்கு வசதி. அந்தச் சதுரம் இன்றைய செல்போன் திரைக்கும் கச்சிதம்.

கிட்டத்தட்ட 50 ஆண்டுகளில் 17,897 ஸ்ட்ரிப்கள். உதவியாளர் வைத்துக்கொள்ளாமல், எழுத்து உட்பட எல்லாமே அவர் கையால் போட்டவை. 1980-களில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கை நடுங்கத் தொடங்கியது. கோடுகளும் நடுங்கின. அதற்காக அவர் பேனாவை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. நடுங்கும் கோட்டிலேயே இன்னும் பல ஆண்டுகள் வரைந்தார். வாசகர்களுக்கு அது சார்லி பிரவுனாகத்தான் தெரிந்தது. 2000 பிப்ரவரி 12 அன்று அவர் காலமானார். மறுநாள்தான் கடைசி ஸ்ட்ரிப் வெளியானது.

முதல் நாள் வரைபவரின் கோடும் நடுங்கத்தான் செய்யும். முதல் தோசை மாதிரி முதல் ஸ்ட்ரிப்பும் பிய்ந்துதான் வரும். தோசை பிய்ந்ததற்காக யாரும் அடுப்பை அணைப்பதில்லையே... அடுத்த கரண்டி மாவை ஊற்றத்தானே செய்கிறோம்?

ஆகவே, அடுத்தமுறை 'யானை வரைஞ்சு குடுங்கப்பா' என்று குரல் கேட்டால், அம்மாவைக் கைகாட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நாலு குச்சிக் கால், வளைந்த ஒரு தும்பிக்கை போட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மேலே ஒரு பலூன்:

"நான் யானைதான். நம்புங்க!"