ஒரு ஓவர் தந்து பாருங்கள்!



2025 மகளிர் உலகக் கோப்பையை நாம் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடுவிலே தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு கிரிக்கெட்டு?" என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள்.

அக்டோபர் 30, அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 ரன். ஜெமிமா அவுட் ஆகாமல் 127 அடித்தார், ஜெயித்தோம்! நவம்பர் 2, நவி மும்பையில் இறுதி ஆட்டம். தீப்தி 58 ரன், 5 விக்கெட். ஷஃபாலி 87 ரன், 2 விக்கெட். தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றோம். அன்று ராத்திரி வெடி போட்டதும் சிரித்த அதே அண்ணன்மார்தான்!

இந்த ஷஃபாலி முதலில் அணியிலேயே இல்லை. பிரதிகாவுக்குக் காயம் பட்டதால் கூப்பிட்டார்கள். வாய்ப்புக் கொடுத்தால்தானே திறமை தெரியும்?

கோடையில் கண்மாய் வற்றியதும் அண்ணன்மார் அங்கே விளையாடுவார்கள். நாங்கள் போனால் பந்து பொறுக்கிப் போடலாம், அவ்வளவுதான். மட்டையைக் கேட்டால், "போயி தட்டாங்கல் ஆடு" என்பார்கள்.

அண்ணன்மாரே, நாங்கள் கோப்பையா கேட்டோம்? ஒரே ஒரு ஓவர், ஆறு பந்து. அவுட் ஆனால் ஆகட்டுமே! அவர்களும் மூன்று தடவை தோற்றுத்தானே ஜெயித்தார்கள்?

– 9ஆம் வகுப்பு மாணவி, தேவதானம்