லாலாங் மீது பழி போடுமுன்

லாலாங் புல்லின் சாறு மற்ற விதைகளை முளைக்கவிடாது என்று படித்திருப்பீர்கள். முதலாண்டில் நானும் வேரைக் கெட்டியாக அரைத்துப் பச்சைப்பயற்றில் ஊற்றினேன். முளைக்கவில்லை. ‘நச்சு’ என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். “அதே செறிவில் சர்க்கரைக் கரைசலை ஊற்றிப் பார்த்தீர்களா?” என்றார் விரிவுரையாளர். பார்த்தேன், அதிலும் அவ்வளவாக முளைக்கவில்லை! கரைசல் செறிவானால் விதையால் நீரை உறிஞ்ச முடியாது. அதற்கு நச்சே தேவையில்லை.

தாவரங்கள் வேதிப்பொருளால் ஒன்றையொன்று தடுப்பது பொய்யல்ல. பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களைகள் குறைந்திருப்பதை 1977இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் கவனித்ததிலிருந்துதான் மெசோட்ரியோன் களைக்கொல்லிக்கு வழி பிறந்தது. ஆனால், மண்ணில் நுண்ணுயிரிகள் இப்பொருள்களைச் சிதைத்துவிடலாம். நிழலும் நீர்ப் போட்டியும் வேறு குழப்பும்.

அறிவியல் விழாவுக்குச் சாறு அரைக்கும் தம்பி, தங்கைகளே, பக்கத்தில் ஒரு சர்க்கரைக் கரைசல் தட்டையும் வையுங்கள். பரிசு கைநழுவினாலும் பரவாயில்லை.