முனை முறிந்த வில்லுக்கத்தி

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகலில், எமது இளைய மைந்தன் மூடி இறுகிய தகரப்பேணி ஒன்றைத் திறக்கும் பொருட்டு, எமது தந்தையார் விட்டுச் சென்ற வில்லுக்கத்தியை எடுத்தான். அதன் முனையை மூடியின் விளிம்பிற் செருகி நெம்பினான். முனை முறிந்தது, கை வழுவியது, அலகு மடங்கி அவனது சுட்டுவிரலை வெட்டிற்று. வைத்தியசாலையில் மூன்று தையல் போட்டனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வலிக்கு அழவில்லை. "அப்பப்பாவின் கத்தியை முறித்துப் போட்டேன்" என்பதே அவனுக்குப் பெருந்துயராய் இருந்தது.

அன்றிரவு அக்கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றே நாம் எண்ணினோம். எமது அன்னையார் அதற்கு இசையவில்லை. "தம்பி, உன்ரை ஐயா முப்பது வருஷம் மடியிலை வைச்சிருந்த கத்தி அது. பூட்டி வைச்சால் பிள்ளை என்னத்தைப் படிப்பான்? என்ன பிழை எண்டு முதல் பார்" என்றார். பிறருடைய பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடஞ் சொல்லும் எமக்கு அன்று கிடைத்த பாடம் அது. பிழை யாதென ஆராயத் தொடங்கினோம்.

வாசக அன்பர்கள் இக்கருவியின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்தல் நன்று. பேனா என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. அம்மொழியில் அது இறகைக் குறிக்கும். இறகை எழுதுகோலாகச் சீவுதற்குக் கொண்ட சிறுகத்தியே பேனாக்கத்தி ஆயிற்று. நம் முன்னோரிடத்தும் இதற்கு இணையானதொன்று இருந்தது. எழுத்தாணியும் ஓலை வாரும் கத்தியும் ஒரே பிடியில் மடங்குமாறு அமைந்த மடக்கெழுத்தாணியே அது. எழுதுவாருக்குக் கத்தி அயலானதன்று.

எமது தந்தையாரின் கத்தி இங்கிலாந்தின் செபீல்ட் நகரிற் செய்யப்பட்டது. கத்தித் தொழிலுக்கு 14 ஆம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்ற ஊர் அது. கறைபடா உருக்கு 1913 இல் ஹரி பிறியர்லி என்பாரால் ஆக்கப்பெற்றதும் அங்கேயே. எமது கத்தியோ பழைய கரி உருக்கினாலானது. மாங்காய் நறுக்கினாற் கறுத்துப்போகும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் துரு அணுகாது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். ஒரு வாரம் முழுதும் வீட்டில் அக்கத்தி தேவைப்பட்ட போதெல்லாம் ஒரு தாளிற் குறித்து வைத்தோம். பென்சில் சீவுதல், சணற்கயிறு அறுத்தல், கடித உறை பிரித்தல், பழம் நறுக்குதல், ஒட்டுக்கட்ட மாங்கொம்பு சீவுதல் என இருபத்தாறு வேலைகள் வந்தன. அவற்றுள் கூரிய முனை வேண்டியிருந்தவை மூன்றே. அம்மூன்றையும் ஊசியோ துறப்பணமோ கொண்டு செய்திருக்கலாம். வேலை செய்வது அலகின் நேரான கூர். விபத்துக்கு வழிசெய்வது முனை என்பது தெளிவாயிற்று.

வில்லுக்கத்தியின் அமைப்பை நோக்கினால் காரணம் இன்னும் விளங்கும். திறந்த அலகை நிலைநிறுத்துவது பிடியின் முதுகிலுள்ள வில் ஒன்றே. பூட்டு எதுவும் இல்லை. கூரினால் அறுக்கும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் அலகைத் திறக்கும் திசையிலேயே செல்கின்றது. முனையாற் குத்தும்போதும் நெம்பும்போதும் அழுத்தம் திசை மாறி, அலகை மடக்க முற்படும். வில் தோற்கும் கணத்தில் விரல் அகப்படும்.

இக்குறையைப் பிறர் எவ்வாறு தீர்த்தனர்? பிரான்சின் சவோய் நாட்டுப்புறத்தில் ஜோசப் ஒப்பினல் 1890 இல் செய்யத் தொடங்கிய மடக்குக்கத்திக்கு, 1955 இல் சுழலும் உலோக வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. சுவிற்சர்லாந்தில் கார்ள் எல்செனர் 1891 இல் படைவீரருக்கு வழங்கத் தொடங்கிய கத்தியில், அலகோடு பேணி திறக்கும் கருவி, திருகாணி முடுக்கி, துளையூசி ஆகியன தனித்தனியே அமைந்தன. நெம்புதற்கு வேறு கருவி இருப்பின் அலகுக்கு அவ்வேலை வாராதன்றோ? கடலோடிகளோ அலகின் வடிவையே வேறாக வைத்துக்கொண்டனர். ஆட்டுக்குளம்பு போல முதுகு வளைந்து கீழிறங்கி, நேரான கூரைச் சந்திக்கும் அலகு அது. ஆடும் கப்பலில் கயிறு அறுப்பவன் கை வழுவினாலும், தன்னையோ அயலானையோ குத்திவிடும் ஆபத்து அதிற் குறைவு.

எமது கத்திக்கு வளையம் பூட்ட இயலாது. வேறு கருவி சேர்க்கவும் இடமில்லை. ஆதலால் கடலோடிகளின் வழியையே தேர்ந்தோம். முனை ஏற்கெனவே முறிந்திருந்தமை அதற்கு வசதியாயிற்று.

ஆயினும் ஊர்க் கொல்லரிடம் புறப்படும் வேளையில் எம் மனம் தயங்கிற்று. தந்தையார் கைபட்ட உருக்கைத் தேய்த்துக் குறைப்பது முறையோ? கத்தியை மீண்டும் திருப்பிப் பார்த்தோம். பிடியின் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கருங்காலி. இளமை முதல் பார்த்திருந்தும் இதன் காரணத்தை நாம் கேட்டதில்லை. அன்னையாரிடம் வினவினோம். கொம்பு வெடித்தபோது தந்தையாரே கருங்காலித் துண்டைச் சீவிப் பித்தளை ஆணி அறைந்தாராம். பழுதானதை வேலைக்கேற்பத் திருத்திக்கொள்வது அவர் வழக்கம் என்று கண்டபின் தயக்கம் நீங்கியது.

கொல்லர் எமக்கு மூன்று செய்திகளை உணர்த்தினார். முதலாவது, தேய்ப்பது முதுகுப் பக்கமாகவே இருத்தல் வேண்டும். கூர்ப்பக்கம் தேய்த்தால் முனை முதுகை நோக்கி உயரும். மடக்கிய பின்னும் பிடிக்கு வெளியே நீட்டி நின்று சட்டைப்பையைக் கிழிக்கும். முதுகைத் தேய்த்தால் முனை தாழ்ந்து பிடிக்குள் அடங்கும். இரண்டாவது, அலகின் அடியில் வில்லைத் தொட்டு நிற்கும் சிறு புடைப்பில் அரம் படலாகாது. மடக்கும்போது கூரானது வில்லில் மோதாமற் காப்பது அதுவே. மூன்றாவது, வெப்பம். "ஐயா, சூடு ஏறினால் உருக்குச் செத்துப்போம்" என்றார் அவர். அலகு நீலநிறம் பெற்றால் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறிற்று என்பது பொருள். பின்னர் அக்கூர் நிலையாது. சாணைச் சக்கரத்தில் ஓரிரு கணம் பிடிப்பதும் தண்ணீரில் தோய்ப்பதுமாகவே அவர் வேலை செய்தார். வெறும் விரல் சூட்டைத் தாங்காவிடில் உருக்கும் தாங்காது என்பது அவர் கைக்கொண்ட விதி.

வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. அலகு ஒரு விரலகலம் குறுகிற்று. நகத்தாற் பற்றும் பள்ளம் கெடவில்லை. கூர் தீட்டுவதை மைந்தனுக்கென விட்டுவைத்தோம்.

அதில் ஒரு கணக்கும் உண்டு. சைன் எதற்குப் பயன்படும் எனக் கேட்கும் மாணவர் இதனைக் கவனிப்பாராக. பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வில் தீட்ட விரும்புகிறோம். அலகின் அகலம் 12 மில்லிமீற்றர். 20 பாகையின் சைன் 0.342. இரண்டையும் பெருக்க ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வரும். அலகின் முதுகைக் கல்லிலிருந்து அவ்வளவு உயர்த்தித் தீட்டினாற் போதும். 15 பாகையாயின் 3 மில்லிமீற்றர். கூர் மிகும், ஆனால் கடினமான பொருளிற் பட்டால் எளிதிற் சிதையும். மைந்தன் அட்டைத்துண்டுகளை அடுக்கி உயரம் அளந்து, இருபுறமும் ஒரே எண்ணிக்கையாகத் தீட்டினான். தாளொன்றைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்த்தபோது அவன் முகம் மலர்ந்தது.

குறையையும் சொல்லவேண்டும். உருளைக்கிழங்கின் முளைக்கண்ணைத் தோண்ட இக்கத்தி இனி உதவாது. காலில் தைத்த முள்ளுக்கு ஊசியை நாடவேண்டும். மடங்கும் இயல்பும் அதனிடம் அப்படியே உண்டு. முனையற்றது என்பதால் அஜாக்கிரதை பொறுக்கும் கத்தியாக அது மாறிவிடவில்லை. ஆதலால் மைந்தனுக்கு மூன்று கட்டளை இட்டோம். நெம்பக் கூடாது. தன் உடலை நோக்கி அறுக்கக் கூடாது. பாடசாலைக்குக் கொண்டு செல்லக் கூடாது. நான்காவதாக ஒன்றை அன்னையார் சேர்த்தார்: "கேட்டு எடு, துடைச்சு வை."

பிள்ளை கையில் கருவி கொடுக்க அஞ்சும் பெற்றோர் பலர். அவ்வச்சம் தவறன்று, எமக்கும் அது இருந்தது, இன்னும் இருக்கின்றது. எனினும் பூட்டி வைத்த பெட்டி எவருக்கும் கைப்பழக்கம் தந்ததில்லை. கருவியின் எப்பகுதி வேலை செய்கிறது, எப்பகுதி தீங்கு செய்கிறது என்பதைப் பிள்ளையோடு கூட அமர்ந்து ஆராய்ந்து, திருத்தக்கதைத் திருத்தி, மீதியைப் பழக்கத்தால் வெல்லக் கற்பிப்பதே தக்கது.

தையல் பிரித்த மறுநாள், மைந்தன் அக்கத்தியால் அன்னையாருக்கு ஒரு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தான். துண்டுகள் ஒழுங்காக இல்லை. அவர் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.