பச்சைக் கோடும் மேலையூர் கதவணையும்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். ஆனா டெல்டாக்காரங்களுக்கு ஈசியா புரியும், பயப்படாம படிங்க :-)

ஒரு கம்பெனிக்குத் தலைமை அலுவலகத்தையும் சேர்த்து 30 இடம்னு வெச்சுக்குங்க. பொது இணையத்துக்குள்ளேயே ரகசியக் குழாய் போட்டு அதையெல்லாம் இணைக்கிறதுதான் வி.பி.என். எங்கிருந்து எங்கே குழாய் போகுதுன்னு படம் போட்டுக் காட்ட நெட்வொர்க் மேனேஜ்மென்ட் மென்பொருள்கள் இருக்கு. (நம்ம ஜோஹோவே 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது இந்தத் துறையில்தான்.) குழாய் இருந்தா பச்சைக் கோடு, அறுந்தா சிவப்பு. மேனேஜர் எட்டிப் பார்த்து, "எல்லாம் பச்சையா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்.

என் சண்டையே அந்தப் பச்சையோடதான்.

எங்க பூம்புகாரை மேப்பில் பாருங்கள். தலைக்காவிரியிலிருந்து கடல் வரை காவிரி அறுபடாத நீலக் கோடு. கோடையில் மேலையூர் கதவணைப் பக்கம் வந்து நின்றால் பெரும்பாலும் மணலும் புதரும்தான். மேட்டூரில் ஜூன் 12 திறப்பது வழக்கம், பேப்பரில் மலர் தூவுற போட்டோ வரும். அதைப் பார்த்துட்டு பம்புசெட் இல்லாதவங்க யாரும் இங்கே நாத்து விடமாட்டாங்க. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பங்கு பிரிஞ்சு, வழியில வாய்க்கால் எல்லாம் குடிச்சது போக, கடைமடைக்கு எவ்வளவு வந்துச்சுங்கிறதுதான் கணக்கு.

ஐ.பி.செக் குழாயும் இப்படித்தான். முதல் கட்டத்தில் இரண்டு முனையும் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்க்கும். எந்தெந்த முகவரிகள் உள்ளே போகலாம்னு பேசி முடிக்கிறது இரண்டாம் கட்டம். நான் பார்த்த சில மென்பொருள்கள் முதல் கட்டம் முடிஞ்சதுமே பச்சை அடிச்சிடும். எதிர்ப்பக்கம் ஒரு ரூட் விட்டுப்போயிருந்தா, நாம அனுப்புற பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கும், திரும்பி வர்றது பூஜ்யம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு கிளையில் காலையிலிருந்து பில் போட முடியவில்லை. இங்கே சுவரில் மாட்டிய பெரிய திரையில் அழகான பச்சை. கிளைக்காரர் போனில் கத்த, "எங்க பக்கம் எல்லாம் ஓகேதான் சார்" என்று மதியம் வரை அதே பதில். கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது அதைக் கேட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அதனால, கோட்டு மேலேயே போற அளவும் வர்ற அளவும் தனித்தனியா காட்டணும். ஒரு பக்கம் பூஜ்யம்னா பச்சை போடக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன். 30 இடத்தையும் ஒண்ணோடொண்ணு இணைச்சு 435 கோட்டுல சிலந்தி வலை பின்னிக் காட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். (தலைமை அலுவலகம் வழியா மட்டும்னா 29 கோடுதான்.)

இன்னொண்ணு. ஒரு கிளைக்கு இரண்டு குழாய் இருந்தா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குன்னு படம் தைரியம் சொல்லும். இரண்டுமே ஒரே தெருவில் ஒரே கேபிளில் போகுதான்னு படம் சொல்லாது. ஜேசிபி வந்து சொல்லும்.

இந்த மாதிரி மென்பொருள் எழுதுற மக்கள் யாராவது இதைப் படிச்சா, கோட்டைச் சொடுக்கினா கீழே எந்த லைன்ல ஓடுதுன்னு காட்டுற மாதிரி பண்ணுங்கப்பா. அதை நெட்வொர்க் டீம் தன் கையாலயே நிரப்ப வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.