உங்கள் பக்கத்து நடுவர் யார்?



கணவன் மனைவி பிணக்கு முற்றிவிட்டால் பெரியவர்கள் கூடுகிறார்கள். விறாந்தையில் கதிரைகள் போடப்படுகின்றன. குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பவள் யாரென்று பார்த்தால், யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவள்தான்! பேச்செல்லாம் முடிந்த பிறகு அவளிடம் ஒன்று கேட்பார்கள்: "பொறுத்துப் போகலாம்தானே மகள்?"

அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனம், தம்பதியர் பிரிந்துவிடுவார்கள் என்று அஞ்சினால் கணவனின் குடும்பத்தில் ஒருவர், மனைவியின் குடும்பத்தில் ஒருவர் என இரு நடுவர்களை ஏற்படுத்தப் பணிக்கிறது. இரண்டு வீட்டு நிலைமையும் அறிந்தவர்கள் சமமாக அமர்ந்து பேசவேண்டும் என்பதே ஏற்பாடு. உங்கள் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தால், அல்லது மாப்பிள்ளையிடம் கடன்பட்ட மாமா அதில் அமர்ந்திருந்தால், அங்கே நடுநிலை எப்படி வரும்?

நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், கணவன் தலாக் சொல்ல உத்தேசித்து அறிவித்தால், இரு தரப்பு உறவினரதும் ஊர்ப் பெரியவர்களதும் துணையுடன் காழியார் இணக்கம் காண முயல வேண்டுமென்றே விதித்தது. காழி மன்றில் சட்டத்தரணி தோன்றிப் பேச அச்சட்டம் இடம் வைக்கவில்லை. உங்கள் சொல்லை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

பரீரா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும், கணவர் முகீஸுடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீஸோ தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே திரிந்தார். பாவம், அந்த மனிதரை நினைத்தால் நமக்கே மனம் இளகுகிறது. நபி (ஸல்) அவர்கள் மனமிரங்கி, திரும்பிச் சேரக்கூடாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. நபியவர்கள் வற்புறுத்தவில்லை.

உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ இப்படியொரு நாள் வந்தால், பெண்ணுக்காக யார் பேசப் போகிறார் என்பதை வாப்பாவிடமோ காக்காவிடமோ முன்கூட்டியே கேளுங்கள். அவள் நம்பும் ஆளாக அவர் இருக்கட்டும். நடந்தவற்றைத் திகதியோடும், தராத செலவுப் பணத்தைத் தொகையோடும் கொப்பித் தாளொன்றில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கூட்டம் நடக்கும்போது அவளுக்கும் ஒரு கதிரை போடச் சொல்லுங்கள்.