கருவியும் ஆசிரியரும்

பள்ளிகளுக்குப் புதிய கருவிகள் வருந்தோறும் ஆசிரியரின் பணி குறையுமா என்னும் வினா எழுவது இயல்பு. டில்லி நகரின் அனுபவம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

டில்லியில் டெலிவிஷன் 1959-ஆம் ஆண்டு சோதனை முறையில் தொடங்கிற்று. 1961-இல் அகில இந்திய வானொலி, ஃபோர்டு அறநிறுவனத்தின் உதவியுடன், உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பௌதிகம், இரசாயனம் முதலிய பாடங்களை முறையாக ஒளிபரப்பலாயிற்று. சோதனைச்சாலைகளும் தேர்ந்த விஞ்ஞான ஆசிரியர்களும் போதாமையே இதற்குக் காரணம். எனினும், ஒளிபரப்புக்கு முன் மாணாக்கரை ஆயத்தம் செய்வதும், பின்னர் ஐயங்களைக் களைவதும் வகுப்பாசிரியரின் பொறுப்பாகவே இருந்தன. திரை வினாத் தொடுக்கலாம். விடை தெரியாது விழிக்கும் மாணாக்கனை அது காணாது.

1999-இல் பௌதிக அறிஞர் சுகதா மித்ரா, டில்லியின் கல்காஜிப் பகுதியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் சுவரில் ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். அண்டையிலிருந்த ஏழைச் சிறுவர்கள் எவரும் கற்பிக்காமலே அதை இயக்கப் பழகினர். குழந்தைகளின் ஆர்வத்துக்கு இது நற்சான்று. ஆயினும், ஆசிரியர் வேண்டுவதில்லை என இதனால் முடிவு கட்டுதல் பொருந்தாது. கருவியை இயக்கப் பழகுதல் வேறு. ஓமின் விதியை உணர்ந்து கணக்கிடுதல் வேறு.

கொரோனாத் தொற்றினால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, மத்திய அரசு 2017-இல் நிறுவிய தீக்ஷா தளமும் டெலிவிஷன் அலைவரிசைகளும் பாடங்களை இல்லங்களுக்குக் கொண்டு சென்றன. ஆனால் செல்பேசி ஒன்றே உள்ள வீட்டில், தந்தை வேலைக்குப் புறப்பட்டால் பாடமும் அவருடனே புறப்பட்டது. பாடம் கிடைத்த பிள்ளைக்கும், அருகிருந்து பிழை திருத்துவார் பல வீடுகளில் இல்லை.

ஆதலின், பள்ளிக்கு வந்திறங்கிய கருவிகளை எண்ணிப் பதிவேட்டில் குறிப்பதோடு அமைந்துவிடலாகாது. ஒவ்வொரு டிஜிட்டல் பாடத்துடனும் ஆசிரியருக்கான கைக்குறிப்பு வருதல் வேண்டும். பாடத்தின் முன்னும் பின்னும் விளக்கத்திற்கெனக் கால அட்டவணையில் நேரம் ஒதுக்குதல் வேண்டும். வகுப்பில் விளங்காத பகுதி எதுவென ஆசிரியர் எழுதும் குறிப்பு, பாடத்தைத் தயாரித்தவர்களுக்குத் தவறாது சென்று சேர வேண்டும். பள்ளிகளைப் பார்வையிடும் களப் பணியாளர்கள், கருவி இயங்குகின்றதா என்று மட்டும் நோக்காமல், திரை அணைந்த பின்னர் வகுப்பில் என்ன நடைபெறுகின்றது என்பதையும் அமர்ந்து கவனிப்பார்களாக. கருவிக்குச் செலவிட்ட பணம் பயன் தந்ததா என்பது அங்கேதான் புலப்படும்.